உறுப்பினர் இரண்டு

ஜூன் 9, ஞாயிறு

அப்பாவோடு மஸ்கட்டில் ஒரே ரூமில் இருப்பவர் லீவில் வந்திருக்கிறார். அப்பா கொடுத்துவிட்ட பெட்டியைத் தந்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். உள்ளே உருண்டையாக, உரித்த தேங்காய் அளவில் ஒரு ஸ்பீக்கர். சாம்பல் நிறத் துணி சுற்றியிருக்கிறது. தட்டையான தலையில் விளக்கு எரிவதற்கு ஒரு வளையம்.

எங்கள் வீட்டில் பாட்டுப் பெட்டி என்று பார்த்தால் இது நான்காவது. அம்மா அப்பா கல்யாணத்தின்போது வாங்கிய எஃப்.எம். ரேடியோ இன்னும் அடுப்படியில் பாடுகிறது. எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது அப்பா ஏர்போர்ட்டிலிருந்து தோளில் தூக்கி வந்தது ஹோம் தியேட்டர். அதன் பெரிய பெட்டிமேல் இப்போது தண்ணீர்க் குடம் இருக்கிறது. சின்னப் பெட்டிகளில் இரண்டு இன்னும் சுவரில் தொங்குகின்றன, அவற்றில் அம்மா மஞ்சப்பை மாட்டுவாள். போன லீவில் வாங்கிய புளூடூத் டவர் என் உயரம் இருக்கும். அதன் ஒரு பக்கம் நெளிந்திருக்கிறது. கீழே விழுந்துவிட்டது.

அப்பா வீடியோ காலில் சொல்லச் சொல்ல நான்தான் புதுப் பெட்டியை இணைத்தேன். அதன் பெயர் மாயா. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வளையம் நீலமாக எரிந்து, 'சொல்லுங்கள்' என்கிறது. வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்கு மூன்று வாக்கியம் பேசிக் காட்ட வேண்டும், அப்போதுதான் குரலை அடையாளம் வைத்துக்கொள்ளும். நான் பேசியதும், "வணக்கம் செண்பகவல்லி" என்றது. என்னை யாரும் அப்படி முழுப் பெயரில் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் வல்லி.

அம்மா பேசினாள். "குரல் தெளிவாக இல்லை. சற்று உரக்கப் பேசவும்" என்றது. மறுபடி பேசினாள். மறுபடியும் அதையே சொன்னது.

"விடு பாப்பா. அவளுக்கு அம்புட்டுத்தான் வரும்" என்றார் அப்பா.

அம்மாவின் பெயரை அது ஏற்கவில்லை. 'உறுப்பினர் இரண்டு' என்று தானே எழுதிக்கொண்டது. அம்மா என்னைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பயமாகவும் இருந்தது.

ஜூன் 11, செவ்வாய்

இது கணக்கு ரஃப் நோட்டின் பின்பக்கம். அம்மா தூங்கிய பிறகு அடுப்படியில் சின்ன விளக்கைப் போட்டு எழுதுகிறேன். பேசினால் மாயா கேட்கும், எழுதினால் கேட்காது. முதலில் பென்சிலில்தான் எழுதினேன். கீறுகிற சத்தம் பெரிதாகத் தெரிந்தது. இப்போது பேனா.

சிரிப்பு வந்தது ஏன் என்று எழுதிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

அம்மாவுக்குக் குரல் வராது என்பது அப்பாவுக்கு மட்டும்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அருளப்பன் அண்ணாச்சியின் ரெக்கார்டிங் கடை இருக்கிறது. 'பழைய இரும்பு வாங்குறோம், ஒடஞ்ச பிளாஸ்டிக் வாங்குறோம்' என்று ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு போவார்களே, அதையெல்லாம் அங்கேதான் பேசிப் பதிவு செய்கிறார்கள். தை மாதத்திலிருந்து கோவில்பட்டித் தெருக்களில் கேட்பதில் பாதி அம்மாவின் குரல். பக்கத்து வீட்டு மாயக்காதான் அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனது. நாங்கள் குடியிருக்கும் வீடும் மாயக்காவுடையதுதான்.

அப்பாவுக்குத் தெரியாது. "பொம்பளச் சத்தம் வாசப்படி தாண்டக் கூடாது" என்று அவர் அடிக்கடி சொல்வார். அம்மா கடைக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், வேலைக்குப் போகக் கூடாது. போனால் இந்த வீட்டைக் காலி செய்து எங்களைப் பெரியப்பா ஊரில் கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்று போன லீவிலேயே சொல்லிவிட்டார். அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிகிறது. நான் பத்தாவது படிக்கிறேன்.

ஜூன் 15, சனி

காலையில் அம்மா பின்பக்கம் நின்றுகொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டாள். "மாயக்கா!"

வீட்டுக்குள்ளிருந்து, "சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று வந்தது.

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். சுவருக்கு மேலே மாயக்காவின் தலை வந்தது. "யாருட்டி அது, நான் பதில் சொல்லுததுக்கு முன்னாடி பதில் சொல்லுதது?"

நான் விஷயத்தைச் சொன்னதும் மாயக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எம் பேர வச்சு ஒரு வேலக்காரிய உள்ள கொண்டாந்து வச்சிருக்காரா ஒங்கப்பா? சம்பளம் எனக்குத்தான் தரணும், பாத்துக்கோ."

அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "அக்கா, நாளைக்குப் பத்தரைக்கு ரெடியா இரு. புதுசா ரெண்டு வண்டிக்குப் பேசணுமாம்" என்றாள்.

வளையம் அணையாமல் நீலமாகவே இருந்ததை நான் அப்புறம்தான் பார்த்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

அப்பா போன் செய்தார். "பாப்பா, பத்தரைக்கு எங்க போறீக?"

மாயாவைக் கூப்பிட்ட பிறகு பேசுவதெல்லாம் அவருடைய போனில் எழுத்தாகப் போய் விழுகிறதாம். அவரே படித்துக் காட்டினார். "'அக்கா நாளைக்குப் பத்தரைக்கு ரெடியா இரு.' அதோட நிக்குது. அடுத்தது வெளங்கல."

"கோயிலுக்குப்பா."

"யாரு கூட?"

"மாயக்கா கூட" என்றேன். "சொல்லுங்கள்" என்றது பெட்டி.

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

இனி மாயக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று அம்மாவும் நானும் முடிவு செய்தோம். வேறு எப்படிக் கூப்பிடுவது? 'வீட்டுக்காரக்கா' என்று அம்மா கூப்பிட்டுப் பார்த்தாள். மாயக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வாடக வாங்குத நாள்ல மட்டும் அப்பிடிக் கூப்பிடு. எங்க ஆத்தா எனக்கு வச்ச பேரு அது. தேங்கா சைசுல ஒரு பொட்டிக்காக அத மாத்தணுமா?"

கடைசியில் சுவரில் மத்தால் இரண்டு தட்டுத் தட்டுவது என்று ஆனது.

"என்னையச் செவுத்துப் பல்லியாக்கிட்டீகளே" என்றாள் மாயக்கா. ஆனாலும் தட்டினால் வருகிறாள்.

பிளக்கைப் பிடுங்கிவிடலாமே என்றும் கேட்டாள். நேற்று அம்மா பிடுங்கிப் பார்த்தாள். பெட்டி நின்றுவிட்டது என்று அப்பாவுக்குத் தகவல் போய், காபி ஆறுவதற்குள் போன் வந்துவிட்டது.

ஜூன் 22, சனி

அம்மாவோடு ரெக்கார்டிங் கடைக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கிறது. கதவைச் சாத்தினால் பஸ் ஸ்டாண்டே காணாமல் போய்விடுகிறது.

அம்மா மைக் முன்னால் நின்றதும் வேறு ஆள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அம்மா வாங்க, அக்கா வாங்க, குக்கர் ரிப்பேர், மிக்சி ரிப்பேர், கேஸ் அடுப்பு ரிப்பேர்!" ஒவ்வொரு சொல்லும் தனியாக, உருட்டிவிட்ட மாதிரி வருகிறது. ஒரே தடவையில் முடித்துவிட்டாள். அருளப்பன் அண்ணாச்சி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டைவிரலைக் காட்டினார். "பேச்சியம்மா, ஒங்க கொரல் மூணாவது தெருவுல இருக்க ஆளக்கூட எந்திரிச்சு வர வச்சிரும்" என்றார்.

ஹெட்போனை அம்மா வலது காதில் மட்டும் வைத்துக்கொள்கிறாள். இடது காது போன லீவிலிருந்து மந்தம். டவர் ஸ்பீக்கர் விழுந்த அதே நாளில்தான் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலில் காது அடைத்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறோம். நானும் அப்படித்தான் சொல்கிறேன். நடக்கும்போதும் படுக்கும்போதும் நான் அவளுடைய வலது பக்கம்தான் இருப்பேன்.

ஜூலை 3, புதன்

இன்று வளையம் பச்சையாக எரிந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்து, சாவி போட்டுத் திறந்து, பையை இறக்கினேன். அம்மா இன்னும் கடையிலிருந்து வரவில்லை. போன் அடிக்கவில்லை, மணி அடிக்கவில்லை. பெட்டி மட்டும் பச்சையாக இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு அப்பாவின் குரல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல, "வந்துட்டியா பாப்பா?" என்றது.

இனி நாங்கள் எடுக்க வேண்டியதே இல்லையாம். அவர் அங்கிருந்தே வீட்டுக்குள் வந்து பேசலாமாம். அப்படி மாற்றிவிட்டாராம்.

"அம்மாவ எங்க?"

"குளிக்கிறாப்பா."

அவருடைய ரூமில் ஃபேன் ஓடுவதுகூட எனக்குக் கேட்டது. பிறகு மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னார்.

"தண்ணிச் சத்தம் கேக்கலியே."

"சோப்புப் போடுதா" என்றேன். சொல்லிக்கொண்டே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். வாளி நிரம்பி வழிகிறவரை அங்கேயே நின்றேன். திரும்பி வந்தபோது வளையம் அணைந்திருந்தது. எப்போது அணைந்தது என்று தெரியாது.

ஜூலை 10, புதன்

சாயங்காலம் கரண்டு போய்விட்டது. இருட்டுகிறவரை வரவில்லை. அம்மா பின்வாசலில் நின்று, "மாயக்கா, மாயக்கா, மாயக்கா" என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். வேறு ஒரு விஷயமும் இல்லை. சும்மாதான்.

ஜூலை 12, வெள்ளி

வீட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்க வேண்டும் என்கிறார் அப்பா.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து ரேடியோவைக் கொண்டுவந்து மாயாவின் பக்கத்தில், முகத்துக்கு முகம் பார்க்க வைத்துவிட்டாள். விவசாயச் செய்தி, பாட்டு, மறுபடி செய்தி என்று அது நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறது. நாங்கள் அடுப்படியில் பேசுகிறோம்.

பச்சை எரிந்தது. "என்ன ஒரே எரைச்சலா இருக்கு?" என்றார் அப்பா. "அந்த ஓட்ட டப்பாவ இன்னும் தூக்கிப் போடலியா?"

"சரிங்க" என்றாள் அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு, காற்று மாதிரி. அப்பாவிடம் அவள் பேசுவது இந்த ஒரு வார்த்தைதான். சில நாள் அதுவும் இல்லை. அவர் சொல்வார், இவள் நிற்பாள்.

அவர் போனதும் ரேடியோவை எடுத்து, நான்கு விரல் தள்ளி வைத்தாள்.

"தூக்கிப் போட்டாச்சு" என்றாள் என்னிடம்.

ஜூலை 21, ஞாயிறு

அப்பாவைப் பற்றிக் கெட்டதாக மட்டும் எழுதுகிறேனோ என்று யோசித்தேன். ஹோம் தியேட்டர் வந்த அன்றைக்கு என்னை மடியில் வைத்துக்கொண்டு, "கேளு பாப்பா, மழ நம்ம பின்னாடி பெய்யுது பாரு" என்றாராம். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேனாம். ஒரு ரூமில் எட்டுப் பேராக இருக்கிறார். வீட்டுச் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வருகிறது என்று ஒருமுறை சொன்னார். அதுவும் உண்மையாக இருக்கலாம்.

ஜூலை 30, செவ்வாய்

தெருக்கோயிலில் கொடைத் திருவிழா. எங்கள் வீட்டுக்கு எதிர் மரத்தில் குழாய் ஸ்பீக்கர் இரண்டு கட்டிவிட்டார்கள். ஒன்று நேராக எங்கள் ஜன்னலைப் பார்க்கிறது. காதுக்குள் யாரோ தவில் வைத்து அடிப்பதுபோல இருக்கிறது. தமிழ்ப் பாடத்தில் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. இவ்வளவு நிம்மதியாக நான் இருந்து எவ்வளவோ நாளாயிற்று.

பச்சை எரிந்தது. அப்பா ஏதோ கத்தினார். "கொடப்பா! கொடை!" என்று நானும் கத்தினேன். போய்விட்டார்.

அம்மா வீட்டுக்குள்ளேயே ரெக்கார்டிங் கடைக் குரலில் பேசினாள். "வல்லியம்மா வாங்க, சோறு தயார், ரசம் தயார், தட்டக் கழுவி எடுத்து வாங்க!"

ஆகஸ்ட் 2, வெள்ளி

கொடை முடிந்து ஸ்பீக்கரை அவிழ்த்துவிட்டார்கள். மூன்று நாள் கத்திப் பேசிய பழக்கம் போகவில்லை. அம்மா மறந்துபோய்ப் பின்வாசலில் நின்று, "மாயக்கா, பாயாசம் மிச்சம் இருக்கா?" என்று உரக்கக் கேட்டுவிட்டாள்.

பெட்டி நீலமானது. ஆனால் 'சொல்லுங்கள்' என்று சொல்லவில்லை.

"புதிய குரல். உங்களை நான் இதுவரை கேட்டதில்லை. உங்கள் பெயர் என்ன?"

அம்மா கரண்டியோடு உள்ளே வந்தாள். வேண்டாம் என்று நான் கையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டு, மைக் முன்னால் நிற்பதுபோல நின்று, "பேச்சியம்மாள்" என்றாள்.

"வணக்கம் பேச்சியம்மாள். உங்கள் குரல் மிகத் தெளிவாக உள்ளது."

"ஏ வல்லி, கேட்டியா?" என்றாள். முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

அது இனி அம்மாவை அடையாளம் கண்டுகொள்ளும். அழிக்க வேண்டுமானால் அப்பாவின் போனில்தான் அழிக்க முடியும். அம்மாவிடம் சொன்னேன். "பொட்டிக்குத்தானே தெரியும். தெரிஞ்சிட்டுப் போகட்டும்" என்றாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

எழுத்து கோணலாக வருகிறது. வரிசையாக எழுதுகிறேன்.

நான் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. அம்மா கடையில். திறந்து உள்ளே போனதும் பச்சை எரிந்தது. இந்த நேரத்துக்குக் காத்திருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"அம்மாவக் கூப்பிடு."

"மொட்ட மாடியில துணி எடுக்காப்பா."

"அப்ப வரட்டும். இருக்கேன்."

குழாயைத் திறக்க முடியாது, மாடி என்று சொல்லிவிட்டேன். ரேடியோவைப் போட்டால் சந்தேகப்படுவார். ஜன்னலோரம் நின்றேன். மாயக்கா வீட்டுச் சுவரில் தட்டலாமா என்று யோசித்தேன். அவளும் அம்மாவோடுதான் போயிருப்பாள்.

"என்னட்டி, மாடி என்ன மதுரையிலயா இருக்கு?" என்றார்.

அப்போது தெருமுனையில் ஒரு வண்டி திரும்பியது. ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ. நான் இதுவரை கேட்காத புது அறிவிப்பு. ஆனால் குரல் யாருடையது என்று முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது.

"வந்தாச்சு வந்தாச்சு, ஒங்க வாசலுக்கே வந்தாச்சு! மாயாண்டி அண்ணாச்சி உப்பு வண்டி! கல்லுப்பு, தூளுப்பு, கோலமாவு!"

ஜன்னலைச் சாத்தப் போனேன். கை வரவில்லை. தெரு முழுக்க அம்மாவின் குரல். வீட்டுக்குள்ளும் அம்மாவின் குரல். அப்பாவின் காதிலும் அதுதான் விழுந்துகொண்டிருந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

"மாயாண்டி அண்ணாச்சி உப்பு வண்டி!"

மாயா என்ற சத்தம் காதில் பட்டதும் பெட்டி விழித்துக்கொண்டது.

"வணக்கம் பேச்சியம்மாள். சொல்லுங்கள்."

மஸ்கட்டில் ஃபேன் ஓடியது.

"வந்துட்டாளா?" என்றார் அப்பா.

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. பெட்டி வணக்கம் சொன்னதை வைத்து அம்மா உள்ளே வந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டார். நான் "ம்" என்றேன். அது மட்டும்தான் நான் சொன்னது.

"அந்த ஜன்னலச் சாத்து மொதல்ல. எவளோ தொண்ட கிழியக் கத்துதா. வீட்ல ஆம்பளைக இல்லாத பொழப்பு போல."

சாத்தினேன்.

பிறகு அவர் அம்மாவிடம் பேசினார். அம்மா இல்லாத வீட்டில், நான் நின்றுகொண்டிருக்க, நெடுநேரம் பேசினார். "இந்தா, கேளு. எப்பக் கூப்பிட்டாலும் குளிக்கா, மாடியில இருக்கா, கோயிலுக்குப் போயிருக்கா. எனக்கு இது சரியாப் படல. அண்ணங்கிட்டப் பேசிட்டேன். ஆவணி பொறந்ததும் வீட்டக் காலி பண்ணிட்டு அங்க போயிருங்க. அங்க பாத்துக்கிட ஆளு இருக்கு. புள்ளைக்கு டிசி வாங்கிரு. பத்தாவது படிச்சு என்ன கிழிக்கப் போறா. என்ன, கேக்குதா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அவர் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை.

"சரி. அம்புட்டுத்தான்" என்றார். பச்சை அணைந்தது.

பதினாறு வருடமாக அம்மா பேசாமல் நின்றுதான் அவருக்குப் பழக்கம். அதனால் ஆள் இல்லாதது அவருக்குத் தெரியவே இல்லை.

அம்மா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி கேட்டால் கேட்கட்டும் என்று சத்தமாகவே அழுதேன். அம்மா டிசியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பெரியப்பா ஊரைப் பற்றியும் கேட்கவில்லை. ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

"வண்டி நல்லாக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

"முழுசாக் கேட்டாரா?"

"கேட்டாரு. எவளோ கத்துதான்னாரு."

அம்மா குடத்திலிருந்து தண்ணீர் மோந்து குடித்தாள். ஹோம் தியேட்டர் பெட்டிமேல் சொம்பை வைத்த சத்தம் 'ணங்' என்று கேட்டது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை லீவு. அம்மாவுக்கு அது தெரியும். பள்ளிக்கூடம் விட்டு நான் வருவதற்காகக் காத்திருந்தாள். மாயக்காவும் உள்ளே வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ரேடியோ அணைந்திருந்தது. ஜன்னல்கள் திறந்திருந்தன.

"அம்மா, பச்ச எரியட்டுமே. அவரே வரட்டும்" என்றேன்.

"இன்னைக்கு நாம போவோம்" என்றாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பெட்டியின் முன் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"மாயா, மஸ்கட்டுக்குப் போன் போடு."

"வணக்கம் பேச்சியம்மாள். அழைக்கிறேன்."

இந்தப் பக்கத்திலிருந்து அழைக்க முடியும் என்று எனக்கே தோன்றியதில்லை. எடுத்தார். அங்கே குக்கர் விசில், டி.வி., நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம். இப்போது அவருடைய ரூம் எங்கள் வீட்டுக்குள் இருந்தது.

"நான்தான் பேசுதேன்" என்றாள் அம்மா. முட்டை அட்டை அறையில் பேசுவாளே, அந்தக் குரலில்.

"யாரு?" என்றார் அப்பா.

மாயக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒங்க பொட்டிக்கே அடையாளம் தெரியுது. ஒங்களுக்குத் தெரியலியா? பேச்சியம்மா."

அங்கே டி.வி. சத்தம் குறைந்தது. அம்மா நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"புதன்கெழம நீங்க பேசும்போது நான் வீட்ல இல்ல. தெருவுல உப்பு வண்டி போச்சே, எவளோ கத்துதான்னு சொன்னீகளே, அதுதான் நான். தையிலருந்து பேசுதேன். குக்கர் வண்டியும் நான்தான், இரும்பு வண்டியும் நான்தான். வீட்டக் காலி பண்ண மாட்டோம். வாடகைய நான் குடுத்துக்கிடுதேன். வல்லிக்கு டிசி வாங்க மாட்டேன். அவ பத்தாவது இங்கதான் எழுதுவா."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. குக்கரை யாரோ அணைத்துவிட்டார்கள். எட்டுப் பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். அவர் குரல் அடங்கிப்போய்விட்டது. அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

"மெதுவாப் பேசுட்டி... ரூம்ல ஆளு இருக்காங்க..."

அம்மா தலையைத் திருப்பி, வலது காதைப் பெட்டியின் பக்கம் கொடுத்தாள்.

"கொஞ்சம் ஒரக்கப் பேசுங்க" என்றாள். "எனக்கு ஒரு காதுதான் கேக்கும். ஏன்னு ஒங்களுக்குத் தெரியும்லா."

வளையம் அணைந்துவிட்டது.

அம்மா அப்படியே உட்கார்ந்திருந்தாள். மாயக்கா எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தாள். "பேருதான் பேச்சின்னு இத்தன நாளா நெனச்சிட்டேனேட்டி" என்றாள். பிறகு என்னிடம், "போய்க் காப்பியப் போடு. சீனி தூக்கலாப் போடு" என்றாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். பெரியப்பா ஒருமுறை போன் செய்தார். அம்மா எடுத்துப் பேசினாள். அவர் மறுபடி செய்யவில்லை.

அப்பா பேசவில்லை. மார்கழியில் லீவுக்கு வருவார். அதை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. அவர் வரும்போது மாயக்கா இங்கேயே வந்து படுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். "வீட்டுக்காரி நானு. யாரு கேக்கது?" என்கிறாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இதை வாசலில் உட்கார்ந்து, வெளிச்சம் இருக்கும்போதே எழுதுகிறேன். அம்மா நோட்டைப் பார்த்தாள். என்ன என்று கேட்கவில்லை. "கண்ணுக்குக் கிட்ட வச்சு எழுதாத" என்றாள்.

காலையில் அம்மா மாயாவின் பிளக்கைப் பிடுங்கினாள். போன் வருகிறதா என்று பார்த்தோம். வரவில்லை. பெட்டியைத் துடைத்து அடுப்படி அலமாரியில் வைத்து, அதன்மேல் ரேடியோவை வைத்தாள். உயரம் சரியாக இருக்கிறது, இப்போது நிலையம் இழுக்காமல் கேட்கிறது.

மத்தியானம் ரசத்துக்கு ஒரு கொத்து மல்லித்தழை வேண்டியிருந்தது. மத்து கையில் இருந்தது. நான் சுவரில் தட்டவில்லை. பின்வாசலுக்குப் போய், எவ்வளவு உரக்க முடியுமோ அவ்வளவு உரக்கக் கூப்பிட்டேன்.

"மாயக்கா!"

சற்று நேரம் காத்திருந்தேன். வீட்டுக்குள் ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

"என்னட்டி?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாயக்கா கேட்டாள்.